மூன்று கால் முயல்

ஹாலிஃபாக்ஸில் தெரு என்றால்
ஏறும், இல்லாவிட்டால் இறங்கும்.
சமமாகக் கிடக்க அதற்குத் தெரியாது.
அந்த ஊரில்
மூன்று சக்கரக் கார் வாங்கினேன்.

கார் தேர்வில் மூன்று முறை தோற்றவள்;
கையில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் மட்டும்.
அதுவே போதும் என்றார் டெரிக் சட்க்ளிஃப்.
வரியும் பைக்குக்கு உள்ளதுதான்,
கண்ணாடி நார் உடம்பு, துருவே பிடிக்காது.
கூரையை விரலால் தட்டிக் காட்டினார்,
தர்பூசணி விற்கிறவர் மாதிரி.
துருப் பிடிக்காதது தீப்பிடிக்கும் என்று
அவர் சொல்லவில்லை.
முந்நூற்று நாற்பது பவுண்டு. கடுகு நிறம்.

தூத்துக்குடியிலிருந்து அண்ணன் எழுதினான்:
'இங்கிலாந்து போயும் ஆட்டோவா?'
நான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான்
என்று பதில் எழுதினேன்.

டாஃபி தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
பக்கத்து சீட்டில் மங்களேஸ்வரி.
அவள் பருத்தித்துறை. எங்களுக்கு நடுவே
ஊரில் கடல்,
காரில் எஞ்சின்.
மூடியைத் தாண்டி அதன் சூடு
அவள் வலது காலுக்கும் என் இடது காலுக்கும்.
ஹீட்டர் வேலை செய்யாத ஜனவரியில்
அது பெரிய உபகாரம்.
பேசத்தான் முடியாது; கத்த வேண்டும்.
அப்படிக் கத்தித்தான்
அவள் விவாகரத்து முழுவதையும் எனக்குச் சொன்னாள்.

நான்கு சக்கரக்காரர்கள் நடுச்சாலைக் குழியை
இரண்டு பக்கமும் கால் அகட்டித் தாண்டிவிடுவார்கள்.
நமக்கு நடுவில்தான் ஒரு கால்.
இடது சக்கரம் தப்பும், வலது சக்கரம் தப்பும்,
முன் சக்கரம்
தேடிப் போய் விழும்.
'ஐயோ, பாத்து ஓட்டடி' என்பாள்.
பார்த்துத்தான் விழுந்தேன்.

ஒரு வாரம் அவளுக்குக் காய்ச்சல்.
தனியாக வந்தேன், இறக்கத்தில் இடதுபக்கம் திருப்பினேன்.
என் எடை வலதில், காரின் எடை என்னோடு.
அவசரமே இல்லாமல் சாய்ந்தது,
தூக்கம் வந்த பிள்ளை போல.
கதவு தரையில். எனக்கு மேலே
இன்னொரு கதவு, அதில் கொஞ்சம் வானம்.

பப்பிலிருந்து நாலு பேர் வந்தார்கள்.
கிளாஸ்களை மதில்மேல் வரிசையாக வைத்தார்கள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
கார் எழுந்து உட்கார்ந்தது.
முன்பின் தெரியாத ஆண்பிள்ளை
'லவ்' என்று கூப்பிடும் ஊர் அது.
'லவ், அடுத்த தடவை
பக்கத்தில் கனமான யாரையாவது ஏற்றிக்கொள்' என்றார் ஒருவர்.
அவர் பீரில் ஒரு சொட்டும் சிந்தவில்லை.

மங்களேஸ்வரி முதல் தடவையிலேயே பாஸ்.
சிவப்பு நிசான் வாங்கினாள், நான்கு சக்கரம், ரேடியோ.
'வா, என்னோடயே வரலாம்' என்றாள்.
யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவில்லை.
பிராட்ஃபோர்டு கடையில்
இருபது கிலோ அரிசி மூட்டை இரண்டு வாங்கினேன்;
இடது சீட்டில் ஒன்றின்மேல் ஒன்று, குறுக்கே பெல்ட்.
அவள் எடைக்குக் கொஞ்சம் குறைவு.
வளைவில் அலறாது.
குழியில் விழுந்தால் திட்டாது.
அதுதான் குறை.

லாரி கடந்தால் இன்னும் ஒரு முழம் தள்ளிப் போகிறேன்.
மேட்டுநிலத்தில் காற்று அடித்தால்
ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுகிறேன்.
பள்ளிக்கூடப் பையன்கள் சிரிக்கிறார்கள்; நானும்.
ஆனால் ஒரு காலன் பெட்ரோலுக்கு அறுபது மைல்,
சந்தில் எங்கு வேண்டுமானாலும் நுழையலாம்,
சின்னச் சக்கரம் திரும்பும்போது
உடம்பே திரும்புகிற மாதிரி இருக்கும்.
வேறு எந்தக் காரும் எனக்கு அப்படித் திரும்பியதில்லை.

பிப்ரவரியில் பனி.
அதிகாலை ஷிப்ட் முடிந்து முதலில் போனது நிசான்.
வெள்ளைச் சாலையில் அவளுடைய இரண்டு கோடு.
பின் சக்கரங்களை அதில் வைத்துப் போகப் பார்த்தேன்.
என் அகலம் அவள் அகலம் இல்லை;
வழுக்கி ஏறினேன், வழுக்கி இறங்கினேன்.
முன் சக்கரம் மட்டும்
யாரும் மிதிக்காத நடுவில்
கரகரவென்று தன் வழியை வெட்டிக்கொண்டு போனது.

மேட்டின் உச்சியில் அவள் காத்திருந்தாள்,
ஜன்னலை இறக்கி, எஞ்சினை அணைக்காமல்.
என் பின்னால் மூன்று கோடுகள்.
ஊர் முழுக்கத் தெரியும், போனது யார் என்று.
'அரிசி எப்பிடி இருக்கு?' என்று கத்தினாள்.